கிரேஸ்மவுத்தின் மஞ்சள் விரல்கள்

கடலுக்கும் மழைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற கிரேஸ்மவுத் என்ற ஆங்கிலேயச் சிற்றூரில், பெப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், மயூரா உணவகத்தில் தங்கள் ஆயுளில் ஒரு தடவையாவது உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அத்தனை பேருக்கும் வலக்கை விரல்கள் ஐந்தும் மஞ்சளாக விடிந்தது. நகத்தின் ஓரத்திலிருந்து இரண்டாம் கணு வரைக்கும், இப்போதுதான் பருப்பும் சோறும் குழைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் எழுந்தவர்களைப் போல. தேவாலயத்தில் அப்பத்தை உயர்த்திப் பிடித்த பாதிரியாருடைய விரல்கள் மஞ்சளாயிருந்தன, அதை வாங்க நீண்ட கைகளிலும் முக்கால்வாசி மஞ்சளாயிருந்தன, ஆகையால் ஒருவரும் ஒன்றும் கேட்காமல் பாட்டைப் பாடி முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பேருந்து ஓட்டுநர் மஞ்சள் விரல்களால் சக்கரத்தைத் திருப்பினார். மீன்கடை பார்பரா மஞ்சள் விரல்களால் மீனின் செவுளைத் திறந்து காட்டினாள். வீட்டுச் சாப்பாடு தவிர வேறொன்றும் தொடுவதில்லை என்று பதினோரு வருடமாக மனைவியிடம் சொல்லிவந்த தபால்காரர், அன்று காலை முழுக்கக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே தேநீர் குடித்தார்.

அந்த ஊர்க்காரர்கள் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் சாப்பிடுகிறவர்கள், முள்ளுக்கரண்டியை இடக்கையில் பிடிக்கிறவர்கள், ஒரு நாளும் குழம்பில் விரல் நனைக்காதவர்கள். அப்படியிருந்தும் மஞ்சள் வந்தது வலக்கைக்குத்தான். எந்தக் கையால் சாப்பிட வேண்டும் என்பது மஞ்சளுக்குத் தெரிந்திருந்தது.

மயூராவின் சமையற்கட்டில் நகுலேஸ்வரி அப்போது வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் இருபத்தொரு வருடமாகவே மஞ்சள் என்பதால் அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பத்திரிகை வாங்கப் போன அவளுடைய கணவர் தில்லைநாதன், பத்திரிகை இல்லாமல் திரும்பிவந்து வாசற்படியில் நின்றார்.

"இஞ்சை பாரும். ஊரெல்லாம் விரலை மஞ்சளாக்கிக்கொண்டு திரியுது," என்று தன்னுடைய கையையும் நீட்டிக் காட்டினார்.

"ஊரெல்லாம் எண்டால் ஆர்?"

"எங்களிட்டைச் சாப்பிட்ட ஆக்கள். ஒருத்தர் மிச்சமில்லை."

நகுலா கத்தியை வைத்தாள். "எங்கட கடையைப் பூட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவையுமோ?"

தில்லைநாதன் கொஞ்சம் யோசித்தார். கடைத்தெருவில் எதிர்ப்பட்ட முகங்களையும் கைகளையும் மனதுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அவையள்தான் கூடப்பேர்," என்றார்.

"அப்ப நல்லது," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் வெங்காயத்தை எடுத்தாள்.

கையெழுத்து விஷயம் இப்படி. மயூராவிலிருந்து எழுகிற துர்நாற்றத்தால் கடலோரத் தெருவில் மனிதர் வாழ முடியவில்லை, ஆகவே அதை மூட வேண்டும் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் நகரசபைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்து விசாரணை. அறிவித்தல் கடைக்கதவில் ஒட்டப்பட்டிருந்தது. தில்லைநாதன் அதைக் கிழிக்கப் பயந்தார், நகுலா அதைக் கிழிக்க விரும்பவில்லை. வந்து சாப்பிடுகிறவர்கள் அதை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வரட்டும் என்று விட்டுவிட்டாள். அவர்களும் வாசித்துவிட்டு உள்ளே வந்தார்கள். வெள்ளியும் சனியும் மயூராவில் சாப்பிட்டு, திங்கட்கிழமை மயூராவுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த ஊரில் ஏராளம். அதில் அவர்களுக்கு ஒரு முரணும் தெரியவில்லை. சாப்பாடு பிடித்தது, வாசம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மயூரா ஓர் இந்திய உணவகம் என்று பலகையில் எழுதியிருந்தது. அதைத் தொடங்கி நடத்தியவர் வங்காளதேசத்துச் சில்ஹெட்காரரான அப்துல் மன்னான். முழங்கால் வலி வந்து அவர் விட்டுப்போனபோது எடுத்து நடத்தியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தில்லைநாதனும் நகுலேஸ்வரியும். இந்தியாவை ஒரு நாளாவது கண்ணால் கண்ட எவரும் அந்தச் சமையற்கட்டில் நின்றதில்லை, ஆனால் அதைப் பற்றிக் கிரேஸ்மவுத்தில் ஒருவரும் கேட்டதுமில்லை. மன்னான் போகும்போது நகுலாவுக்கு ஒரு பெரிய பாத்திரத்தைக் காட்டிக் கொடுத்தார். அதில் வெங்காயக் குழம்பு எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். பாலாடை விட்டால் கோர்மா, தக்காளியும் சிவப்பு நிறமும் விட்டால் டிக்கா மசாலா, மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டால் விண்டலூ. "இவர்களுக்கு இது போதும், தங்கச்சி. இதற்கு மேல் செய்தால் நீ களைத்துப்போவாய்," என்றார் அவர். நல்ல மனிதர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

நகுலா நான்கு வருடம் அப்படியே செய்தாள். ஐந்தாம் வருடத்து மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை பகல், அந்தப் பாத்திரத்தைப் பார்க்க அவளுக்குக் கோபம் வந்தது. அதை இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாச்சிச் சட்டியை அடுப்பிலேற்றிக் காய்ந்த செத்தல் மிளகாயையும் மல்லியையும் மிளகையும் சீரகத்தையும் வெந்தயத்தையும் கறிவேப்பிலையையும் ஒவ்வொன்றாகக் கறுக்கக் கறுக்க வறுத்து, தன் கையால் தூள் அரைத்து, அந்தத் தூளைப் போட்டுக் கறி வைத்தாள். உணவுப் பட்டியலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. கோர்மா என்று கேட்டவருக்குக் கோர்மா என்ற பெயரில் அவளுடைய கோழிக்கறி போயிற்று, மட்ராஸ் என்று கேட்டவருக்கு மட்ராஸ் என்ற பெயரில் அவளுடைய இறால் குழம்பு போயிற்று. தில்லைநாதன் தயங்கித் தயங்கித் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தார். "பேர் அவையள் கேட்ட பேர். கறி என்ர கறி," என்றாள் நகுலா. கிரேஸ்மவுத் மக்கள் மூக்கைச் சிந்தினார்கள், தண்ணீர் குடித்தார்கள், நெற்றியைத் துடைத்தார்கள், மறுகிழமையும் வந்தார்கள். கிழமைக்கு ஒரு நாள் வந்தவர்கள் இரண்டு நாள் வரத் தொடங்கினார்கள்.

ஆனால் வியாழன் பகலில் தூள் வறுக்கிற வாசம், கதவைச் சாத்தினாலும் ஜன்னலை இறுக்கினாலும் நில்லாமல், புகைபோக்கியால் ஏறி, மழைத்துளிக்குள் புகுந்து, கொடியில் காய்கிற படுக்கை விரிப்புகளில் குந்தியிருந்து, நாய்களைத் தும்ம வைத்து, கடற்கரை முழுவதும் காலாற நடந்து திரிந்தது. அந்த வாசத்தைத்தான் திருமதி வினிஃப்ரெட் ஆல்ட்ரிஜ் துர்நாற்றம் என்று எழுதினாள்.

அவள் மயூராவுக்கு நேர் எதிர்வீட்டுக்காரி. முப்பத்தெட்டு வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, ஓய்வுபெற்ற பிறகு நகரசபை உறுப்பினர். வீடு வீடாய்ப் போய் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தையும் வாங்கியவள் அவள்தான். நகுலாவுக்கு அந்தக் கையெழுத்து புதிதல்ல. பதினெட்டு வருடங்களுக்கு முன்பு, அவளுடைய மகள் துவாரகாவுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, அதே கையெழுத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் மகள் கொண்டுவரும் மதிய உணவின் துர்நாற்றம் மற்ற மாணவரைத் தொந்தரவு செய்கிறது, ஆவன செய்யவும். அன்றிலிருந்து நகுலா பாண் ரொட்டிக்குள் வெண்ணெய்க்கட்டி வைத்துக் கொடுத்தாள். அது மட்டுமென்றால் அவள் மறந்திருப்பாள். மகள் தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பற்பசையை விரல்களில் பூசித் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை ஒரு நாள் கதவிடுக்கால் கண்டாள். அதைத்தான் மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை துவாரகா தொலைபேசியில் அழைத்தாள். அவள் இப்போது லீட்ஸ் நகரத்தில் பல் வைத்தியர்.

"அம்மா, என்ர விரல்."

"தெரியும் பிள்ளை. இஞ்சையும் எல்லாருக்கும்."

"கழுவினாப் போகுமோ?"

"தெரியேல்லை." பிறகு யோசிக்காமலே நகுலாவின் வாயில் வந்துவிட்டது. "பற்பசை போட்டுப் பாத்தனியோ?"

நகுலா தன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லையம்மா," என்றாள் துவாரகா. "இந்த முறை போடேல்லை. போடவும் மாட்டன்."

முதல் வாரம் கிரேஸ்மவுத்தில் கையுறைகள் விற்றுத் தீர்ந்தன. எலுமிச்சை, சோடா மாவு, கப்பல் சாயம் கழுவுகிற திரவம் என்று எல்லாவற்றையும் தேய்த்துப் பார்த்தார்கள். வைத்தியர் தன் மஞ்சள் விரல்களால் மற்றவர்களுடைய மஞ்சள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்கு மருந்தில்லை, இது நோயுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். கோப்பையில் ஒட்டாது, துணியில் ஒட்டாது, குழந்தையின் கன்னத்தைத் தடவினால் கன்னத்தில் ஒட்டாது, விரலை விட்டு நகராத மஞ்சள். இரண்டாம் வாரம் கையுறைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. யார் யாரோடு எந்த நாளில் மயூராவுக்குப் போனார்கள் என்ற சண்டைகள் நடந்து முடிந்தன. இரண்டு கல்யாணங்கள் முறிந்தன, ஒன்று ஒட்டியது. தபால்காரருடைய மனைவிக்கும் மஞ்சள் என்று தெரியவந்ததும் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்றாம் வாரம், மஞ்சளில்லாத விரல்தான் ஊரில் ஒரு மாதிரியாகப் பார்க்கப்பட்டது. வங்கியில் வெள்ளை விரலோடு வரிசையில் நிற்கிறவரை, இவர் எங்கிருந்து வந்தவரோ என்று மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரயிலேறி வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், ஊருக்குத் திரும்பி விடிய எழும்பித் தங்கள் விரல்களைப் படம் பிடித்து அனுப்பினார்கள். மயூராவின் கதவில் மூடச்சொல்லும் அறிவித்தல் ஒட்டியபடி இருக்க, அதன் கீழே வரிசை நின்றது.

நகுலாவுக்கு அந்த நாட்கள் மிகவும் பிடித்திருந்தன. சமையற்கட்டில் நின்றுகொண்டு, பரிமாறுகிற ஜன்னலால் அந்த விரல்களைப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க அவளுக்குத் தோள் நிமிரும். அவளைக் கொஞ்சம் உலுக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மாலைதான். அன்று பின்கதவைத் தட்டி, ஊருக்குப் புதிதாய்க் குடிவந்த ஒரு பெண் தன் எட்டு வயது மகளோடு நின்றாள்.

"இவளை வகுப்பில் யாரும் பக்கத்தில் இருத்துகிறார்கள் இல்லை. விரல் வெள்ளை என்று சொல்கிறார்களாம். கொஞ்சம் ஏதாவது கொடுத்தால் போதும், அவள் எப்படியாவது விழுங்கிவிடுவாள்," என்றாள் அந்தப் பெண்.

சிறுமி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவள் அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருக்கிறாள் என்பது நகுலாவுக்குப் பார்த்ததும் விளங்கியது. அந்தக் கைகள் எப்படி முதுகுக்குப் பின்னால் போயின என்பதும் விளங்கியது. நகுலா கதிரையொன்றை இழுத்துப் போட்டாள்.

"உனக்குப் பசிக்கிறதா?"

சிறுமி தாயைப் பார்த்தாள். "கொஞ்சம்."

"பசிக்கிறதென்றால் தருவேன். விரலுக்காக என்றால் தரமாட்டேன். அவர்களிடம் போய், என்னுடைய விரல் என்னுடைய விரல் என்று சொல்லு."

"பசிக்கிறது," என்றாள் சிறுமி, இம்முறை தாயைப் பார்க்காமல். நகுலா சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வைத்தாள். சிறுமி முழுவதையும் சாப்பிட்டாள். அன்றிரவு நகுலாவுக்கு நித்திரை சரியாக வரவில்லை. இந்த ஊருக்கு யாரையாவது ஒதுக்கி வைத்தால்தான் சாப்பாடு செமிக்கிறது போலிருக்கிறது என்று தில்லைநாதனிடம் சொன்னாள். அவர் தூங்கிவிட்டிருந்தார்.

விசாரணை, நகரமண்டபத்தில் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. ஒன்பது உறுப்பினர்கள் மேடையில் இருந்தார்கள், எட்டு பேருக்கு மஞ்சள் விரல். ஆல்ட்ரிஜ் மட்டும் வெள்ளை விரல்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு நாளும் மயூராவில் சாப்பிட்டதில்லை என்பது உண்மைதான். சபைத் தலைவர் மனுவைக் கொண்டுவரச் சொன்னார். எழுத்தர் கோப்பைத் திறந்தார், திறந்தவர் அப்படியே நின்றார். எங்கும் ஒட்டாத அந்த மஞ்சள் அங்கே ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில், யாரோ மெழுகு முத்திரை வைத்தது போல, ஒரு கட்டைவிரல் அடையாளம், ரேகை சுத்தமாய்த் தெரிகிற மஞ்சள் அடையாளம். எழுத்தர் ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிக் காட்டினார். முதல் கையெழுத்தான ஆல்ட்ரிஜினுடையதைத் தவிர வெறுமையாக நின்றவை ஒன்பதோ பத்தோதான். மண்டபத்தில் இருந்தவர்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். மயூராவை மூடுகிற யோசனை கைவிடப்படுகிறது என்றார். கைதட்டினார்கள். அது மட்டுமல்ல, வருகிற கோடையிலிருந்து வருடந்தோறும் மஞ்சள் விரல் வாரம் கொண்டாடப்படும், ரயில் நிலையத்தில் பெரிய மஞ்சள் கை வரையப்படும் என்றார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ஒரேயொரு சிறு நிபந்தனை, என்றார் தலைவர். வியாழக்கிழமை வறுக்கிறது நிற்க வேண்டும். தூள் இப்போது தொழிற்சாலைகளில் நல்லதாகவே கிடைக்கிறது, டப்பாவில் வாங்கிக்கொள்ளலாம். சாப்பாடு இருக்கும், நிறம் இருக்கும், வாசம் மட்டும் இருக்காது. எல்லோருக்கும் நல்லது.

தில்லைநாதன் நகுலாவின் முழங்கையை மெல்லத் தொட்டார். ஓம் என்று சொல்லும், என்று அந்தத் தொடுகைக்கு அர்த்தம். நகுலா எழுந்தாள்.

"வறுத்தால் மணக்கும்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "மணக்காமல் வறுக்க எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் செய்யமாட்டேன். நீங்கள் பதினாறு வருடமாகச் சாப்பிட்டது அந்த வாசத்தைத்தான். உங்கள் விரலில் இருப்பதும் அதுதான். வேண்டுமென்றால் எல்லாம் வேண்டும். வேண்டாமென்றால் எல்லாம் வேண்டாம்."

நிபந்தனையை வாக்குக்கு விட்டார்கள். எட்டு மஞ்சள் கைகள் நிபந்தனைக்கு ஆதரவாக உயர்ந்தன. ஆல்ட்ரிஜ் கையைத் தூக்கவில்லை.

"நான் மூடச் சொன்னேன்," என்றாள் அவள். "இப்போதும் அதையே சொல்கிறேன். மூடமாட்டீர்கள் என்றால் அந்தப் பெண்ணை அவள் பாட்டுக்குச் சமைக்க விடுங்கள். நீங்கள் கேட்பது எனக்கு விளங்கவில்லை."

வீட்டுக்கு நடந்து வரும்போது கடற்கரைத் தெருவில் தில்லைநாதன் பொறுமை இழந்தார். இருபத்தொரு வருடத்தில் அவர் குரல் உயர்த்தியது அபூர்வம்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கலாம் தானே. பிறகு ஆரும் கவனிக்காத நேரமாப் பாத்து வறுத்திருக்கலாம். நாங்கள் இஞ்சை அமைதியா இருக்கத்தானே வந்தனாங்கள்?"

"களவா வறுக்கச் சொல்லுறியளோ?"

"களவெண்டில்லை. கொஞ்சம் ஒதுங்கி."

"எங்கட பிள்ளை கதவைச் சாத்திப்போட்டுக் கை கழுவினவள். அதுவும் ஒதுங்கித்தான். நான் இனி ஒதுங்க மாட்டன். நாளைக்கு வியாழன். நான் நடு றோட்டிலை வைச்சு வறுக்கப்போறன். உங்களுக்குப் பயமெண்டால் மேலை போய் ரீவியைப் பாருங்கோ."

மறுநாள் பதினொன்றரை மணிக்கு நகுலா தாச்சியோடு வெளியே வந்தபோது, காஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு தில்லைநாதன் முன்னால் நடந்துகொண்டிருந்தார். தெருவின் நடுவில் ஓடுகிற வெள்ளைக் கோட்டின் மேல் அடுப்பை வைத்து, காற்றுக்கு மறைப்பாய்த் தன் மேலங்கியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நகுலா செத்தல் மிளகாயைப் போட்டாள்.

அன்று மழை இல்லை. வாசம் எந்த மறைவும் இல்லாமல் எழுந்தது. முதலில் மல்லியின் நல்ல வாசம், பிறகு சீரகத்தினுடையது, பிறகு மிளகாயின் காரம், கண்ணைக் கரிக்கிற, தொண்டையைப் பிடிக்கிற, நெஞ்சுக்குள் இறங்கிக் கதவைத் தட்டுகிற காரம். ஜன்னல்கள் சாத்தப்பட்டன, பிறகு திறக்கப்பட்டன. ஆட்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள். பார்பரா இருமினாள், பாதிரியார் இருமினார், தபால்காரரும் மனைவியும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு இருமினார்கள். இருமினார்களே தவிர ஒருவரும் போகவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நகரசபை அதிகாரி கிரெக் ஹாலம், வறுப்பதை நிறுத்தச் சொல்லும் தடை அறிவித்தலோடு வந்தார். மயூராவில் சனிக்கிழமைதோறும் ஜன்னலோர மேசையில் இருக்கிறவர். கிரேஸ்மவுத்தில் ஒரு பழைய விதி உண்டு. எந்தத் தடை அறிவித்தலையும் உரிய இடத்தில் நின்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரத்து வாசித்தால்தான் அது செல்லும். ஊரில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாத காலத்தில் போட்ட விதி, எடுக்க மறந்துவிட்டார்கள். ஹாலம் கடுதாசியை விரித்தார். இலக்கத்தை வாசித்தார், இருமினார். திகதியை வாசித்தார், இருமினார், கண்ணீரைத் துடைத்தார், மறுபடி இலக்கத்திலிருந்து தொடங்கினார். பிறகு கடுதாசியைக் கூட வந்த பொலிஸ் சார்ஜண்டிடம் கொடுத்தார். சார்ஜண்ட் இருமிவிட்டுப் பாதிரியாரிடம் கொடுத்தார். பாதிரியார் வாயைத் திறந்து பார்த்துவிட்டு முடியாது என்று தலையாட்டினார். கடுதாசி கைக்குக் கை மாறிப் போயிற்று. நகுலா நிமிர்ந்து பார்க்காமல் அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆல்ட்ரிஜ் தெருவைக் கடந்து வந்தாள். முப்பத்தெட்டு வருடச் சுண்ணக்கட்டித் தூளைச் சுவாசித்த அவளுடைய தொண்டை ஒரு தடவையும் இருமவில்லை. "கொடுங்கள்," என்று கையை நீட்டினாள், கொடுத்தார்கள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். கடைசி வாங்குப்பலகையில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற அந்தக் குரலில் இலக்கத்தை வாசித்தாள், திகதியை வாசித்தாள், விலாசத்தை வாசித்தாள். நகுலாவின் அகப்பை நின்றது. இவள் முழுவதையும் வாசித்துவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

"மேற்படி உணவகத்திலிருந்து எழும் துர்நாற்றம்," என்று வாசித்தவள் அந்தச் சொல்லோடு நின்றாள். கண்ணாடிக்கு மேலாக நகுலாவைப் பார்த்தாள்.

"உங்கள் மகளின் பெயர் என்ன?"

"நீங்கள் அவளை டோரா என்று கூப்பிட்டீர்கள்."

"அது எனக்கு நினைவிருக்கிறது. அவளுடைய பெயரைக் கேட்டேன்."

"துவாரகா."

ஆல்ட்ரிஜ் சொல்லிப் பார்த்தாள். பிழையாக வந்தது. "இல்லை," என்றாள் நகுலா. இரண்டாம் முறையும் பிழை, மூன்றாம் முறையும் பிழை. நகுலா விட்டுக்கொடுக்கவில்லை, ஊர் முழுக்க இருமிக்கொண்டு கேட்டிருக்க ஒவ்வொரு முறையும் இல்லை என்றே சொன்னாள். நான்காம் முறை அந்தப் பெயர் சரியாக வந்தது.

"இந்தச் சொல்லை நான்தான் அந்தக் கடிதத்தில் எழுதினேன்," என்றாள் ஆல்ட்ரிஜ். "அதை உங்களுக்குத்தான் எழுதினேன். அவளுக்கு எழுதவில்லை."

"அவள்தான் அதைக் கொண்டுவந்தாள். வழியில் வாசித்துவிட்டுத்தான் என் கையில் தந்தாள்," என்றாள் நகுலா. "நன்றாக வாசிக்கிற பிள்ளை. வாசிக்கப் பழக்கினது நீங்கள்தான்."

தாச்சியில் மிளகாய் கருகத் தொடங்கியிருந்தது. நகுலா குனிந்து நெருப்பைக் குறைத்தாள். ஆல்ட்ரிஜ் கடுதாசியை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், ஹாலமிடம் நீட்டினாள்.

"இதை என்னால் வாசிக்க முடியாது."

"இருமலா, மேடம்?" என்று கேட்டார் ஹாலம்.

"இல்லை," என்றாள் அவள். பிறகு நகுலாவிடம் திரும்பினாள். "இந்த வாசம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்."

"பிடிக்கத் தேவையில்லை," என்றாள் நகுலா.

ஆல்ட்ரிஜ் தலையசைத்தாள். வந்த வழியே தெருவைக் கடந்துபோய்த் தன் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சத்தத்தோடு சாத்தினாள். கடைசிவரை அவள் மயூராவில் சாப்பிடவுமில்லை, அவளுடைய விரல்கள் மஞ்சளாகவுமில்லை. அதற்காக அவளை யாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தால் நகுலா அவர்களுக்குப் பரிமாற மறுத்தாள்.

வாசித்து முடிக்கப்படாத அறிவித்தல் மூன்று மாதத்தில் தானாகச் செத்துப்போயிற்று. மஞ்சள் விரல் வாரம் நடக்கவில்லை. ரயில் நிலையத்தில் வரையத் தொடங்கிய கையை இரண்டு விரலோடு விட்டுவிட்டார்கள். மக்களின் விரல்கள் மஞ்சளாகவே இருந்தன, சில காலத்தில் அதைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோயிற்று. நகுலா உணவுப் பட்டியலைப் புதிதாக அச்சடித்தாள். கோர்மாவும் மட்ராஸும் இருந்த இடங்களில் அந்தந்தக் கறியின் சொந்தப் பெயரைப் போட்டாள். சொல்லத் தெரியாதவர்கள் சொல்லிப் பழகும்வரை தில்லைநாதன் பென்சிலும் கையுமாய்ப் பக்கத்தில் பொறுமையோடு நின்றார்.

ஜூன் மாதத்தில் துவாரகா லீட்ஸிலிருந்து வந்து, தாயோடு சேர்ந்து ஒரு பலகை எழுதினாள். மேலே தமிழில் பெரிய எழுத்து, கீழே ஆங்கிலத்தில் சிறிய எழுத்து. ஏணியில் ஏறி, மூடச்சொன்ன அறிவித்தல் ஒட்டியிருந்த கதவுக்கு மேலே தில்லைநாதன் அதை ஆணியடித்து மாட்டினார். தெருவில் நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னாள் நகுலா. அதில் இப்படி எழுதியிருந்தது:

வியாழக்கிழமை பகல் இங்கே மிளகாய் வறுக்கப்படும். இருமுகிறவர்கள் இருமலாம்.